கரிச்சட்டியும் ஒரு சூப்புக் கரண்டியும்

நட்ட மூன்றாம் நாள் காலையிலேயே லூ தெஹாய் சூப்புக் கரண்டியும் கையுமாக அந்த மண்மேட்டின் முன்னால் குந்திவிட்டார்.

"ஒரு விரக்கடைதான். மேலாப்புல பாத்துட்டு மூடிடலாம்."

சொன்னதும் அவர்தான், கேட்டதும் அவர்தான். முற்றத்தில் வேறு யாரும் இல்லை. மனைவி குய்லான் சந்தைக்குப் போயிருந்தாள்.

மேடு முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே இருப்பது ஒரு குச்சி, குச்சியில் இரண்டு மொட்டு. ஆனால் அது ஜாவ் மாமாவின் கரிச்சட்டி.

ஹெஸே வட்டாரத்தில் பியோனிப் பூச்செடி இல்லாத வீடு கிடையாது. எல்லோரும் தங்கள் பூவுக்குப் பேரரசி, முத்து, மேகம் என்று பெயர் வைத்துக்கொண்டு திரிவார்கள். குய்லானின் தாய்மாமன் ஜாவ் மட்டும், விதை போட்டுப் பதினான்கு வருஷம் காத்திருந்து எடுத்த பூவுக்குக் கரிச்சட்டி என்று பெயர் வைத்தார். தேய்க்காமல் விட்ட சட்டியின் அடிப்பக்கம் மாதிரி கறுத்த சிவப்பு. உலகத்தில் ஒரே ஒரு செடி, அவர் தோட்டத்தில். யார் வந்து கேட்டாலும் ஒரு குச்சி ஒடித்துக் கொடுத்ததில்லை.

தெஹாய்க்குக் கொடுத்தார். மாமாவின் கண்ணில் புரை விழுந்தபோது, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை வண்டியில் கூட்டிக்கொண்டு போய்வந்தது தெஹாய்தான். அதற்காக மாமாவே குச்சியை வெட்டி, ஆப்பு மாதிரி சீவி, கிழங்குப் பியோனியின் தடித்த வேரைப் பிளந்து உள்ளே செருகி, சணல் சுற்றி, சேறு பூசி, தெஹாயின் முற்றத்தில் தன் கையாலேயே குழி வெட்டி வைத்தார்.

"மண்ணக் குவிச்சாச்சு. இனிமே உனக்கு ஒரே ஒரு வேலைதான், மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"தோண்டாத."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்னு லேசா சொல்ற. அது உள்ள இருட்டுல வேரோட சேரணும். பாக்கறேன்னு தோண்டினா போச்சு. வசந்தத்துல ஊரெல்லாம் பூ விரியற தானிய மழை நாள் அன்னிக்கு நான் வருவேன். இலை விட்டிருந்தா என் தோட்டம் அரை ஏக்கரும் உன் பொறுப்பு. எனக்கு இனிமே குனிய முடியாது. பொண்ணு சிங்டாவ்ல கப்பல் கம்பெனில இருக்கா, மண்ணத் தொட மாட்டா. தோண்டினன்னு தெரிஞ்சுதோ, தோட்டத்துப் பக்கம் தலை வெச்சும் படுக்காத."

அந்த அரை ஏக்கரைவிட, அது கையில் வரும்போது குய்லானின் அண்ணன் தம்பிகள் முகம் போகும் போக்கைப் பார்க்கத்தான் தெஹாய்க்கு ஆசை. மச்சான்மார் நாலு பேரும் பூக்காரர்கள். இவர் லாரி டிரைவர். வீட்டு விருந்துகளில், "அத்தான் கைல பிளாஸ்டிக் பூவக் குடுத்தாக்கூட வாட வெச்சிடுவாரு" என்று சொல்லிச் சிரிப்பது அவர்களுக்கு வழக்கம். வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது. லாரியை விற்றாயிற்று. இனிமேல் ஊரில் டிரைவர் என்று இல்லாமல் பூக்காரர் என்று யாராவது கூப்பிட வேண்டும்.

ஆனால் இருபத்தாறு வருஷம் அவர் செய்த வேலை அப்படி. புத்தாண்டுக்கு முன்னால் பியோனித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு குவாங்ஜோ வரை ஓட்டுவார். நூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டி, தார்ப்பாயைத் தூக்கி, மொட்டு விரிந்துவிட்டதா, உறைந்துவிட்டதா என்று பார்ப்பார். பார்க்காமல் ஓட்டினால் அடுத்த திருப்பத்திலேயே கால் பிரேக்குக்குப் போய்விடும். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தே பழகின மனுஷரிடம் போய், மூடினதைத் திறக்காதே என்றால்?

நட்ட அன்றே பார்த்திருப்பார். மாமாவை அவர் வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பியபோது குய்லான்கூட இல்லை. மதில்மேல் பன் அவிக்கும் காலிக் கூடை கவிழ்ந்து கிடந்தது. அப்பால் சாங் அக்கா வீட்டில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நல்ல சந்தர்ப்பம். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மறுநாளும் பொறுத்தார். இன்று முடியவில்லை.

கரண்டியால் மண்ணை மெல்ல வழித்தார். மொட்டின் நுனி தெரிந்தது.

தெஹாய் கரண்டியைக் கீழே போட்டார்.

மாமா வெட்டிக் கொடுத்தபோது மொட்டு கறுஞ்சிவப்பாக இருந்தது. நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது வெளிறிப் பச்சையாகக் கிடக்கிறது. மூன்று நாளில் சோகை பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"ரத்தமே இல்லையே!" என்றார் வாய்விட்டு.

தண்ணீர் போதவில்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும். இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார். மேடு சரிந்தது. சாயங்காலம் பார்த்தபோது அது மேடாக இல்லை, கூழாக இருந்தது. கைவிரலை விட்டால் மணிக்கட்டு வரை போயிற்று.

வேர் அழுகிவிடும் என்று அவருக்கே தெரிந்தது. உலர்த்தியாக வேண்டும். வெயிலோ புரட்டாத புஸ்தகம் மாதிரி மேகத்துக்குள் மூடிக் கிடந்தது. மறுநாள் குய்லான் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய ஹேர் டிரையரை எடுத்து, சமையலறையிலிருந்து ஒயர் இழுத்து, சேற்றை ஒதுக்கி, குச்சியின் மேலேயே சூடாகக் காற்றடித்தார்.

"என்ன செய்யறீங்க?"

குய்லான் ஈரத்தலையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஷூ காய வெக்கறேன்."

"ஷூ எங்க?"

தெஹாய் தன் காலைப் பார்த்தார். செருப்பு போட்டிருந்தார்.

"காஞ்சுடுச்சு. உள்ள வெச்சுட்டேன்."

குய்லான் அந்தக் குழியைப் பார்த்தாள். சேற்றைப் பார்த்தாள். அவர் கையில் அலறிக்கொண்டிருந்த ஹேர் டிரையரைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் "லூ தெஹாய்!" என்று முழுப்பெயர் சொல்லித் தெரு கேட்கக் கத்துவாள். இன்று கத்தவில்லை.

"முடிஞ்சதும் குடுங்க. தலை ஈரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதுதான் தெஹாயை இன்னும் பதற வைத்தது. முப்பது வருஷத்தில் குய்லான் இப்படிச் சும்மா போனதே கிடையாது. ஒருவேளை அவளுக்கு உடம்பு சரியில்லையோ?

சூட்டில் சணல் காய்ந்து தளர்ந்துவிட்டது. குச்சி வேரில் பிடிப்பில்லாமல் ஆடியது. பிடித்துப் பார்த்தார், ஆடியது. இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் ஆடியது. தையல் டப்பாவிலிருந்து எலாஸ்டிக் எடுத்து வந்து இறுக்கிக் கட்டினார். கட்டின இடத்தில் பூஞ்சை வரும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. மருந்துக் கடைக்குப் போனால் ஏன், எதற்கு, எந்தச் செடிக்கு என்று கேட்பார்கள். கடைக்காரன் மூத்த மச்சானின் சகலை. சாயங்காலத்துக்குள் குடும்பத்துக்கே தெரிந்துவிடும். அதனால் அலமாரியில் இருந்த சோளச் சாராயத்தை எடுத்து, காயத்துக்கு ஊற்றுகிற மாதிரி ஒரு கரண்டி ஊற்றினார். கையோடு தனக்கும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டார்.

மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டிரைவரே, பகல்லயே வாசனை தூக்குதே! யாருக்கு விருந்து?"

சாங் அக்கா. புருஷன் போன பிறகு தனியாக எண்ணெய்ப் பியோனி பயிரிட்டு, விதையை ஆட்டி எண்ணெய் விற்கிறவள். மதில்மேல் முகவாயை வைத்துக்கொண்டுதான் எப்போதும் பேசுவாள். உடம்பை அவர் பார்த்தே ரொம்ப நாளாயிற்று.

"கால் வலிக்குத் தடவறேன்க்கா."

"கால் மண்ணுக்குள்ள இருக்கா?"

அவர் சாராயப் பாட்டிலைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார்.

இப்படியே அக்டோபர் போயிற்று. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று தோண்டினார். தோண்டும்போது ஏதாவது தப்பாகத் தெரியும். தப்பைச் சரி செய்வார். சரி செய்தது சரியாக இருக்கிறதா என்று பார்க்க அடுத்த நாள் மறுபடி தோண்டுவார். குளிருமென்று குய்லானின் புதுப் பஞ்சுப் போர்வையைப் போர்த்தினார். அது ஈரம் குடித்துக் கனத்தது. கனம் தாங்காமல் ஒரு மொட்டு முறிந்தது. அந்தப் போர்வையைக் கொடியில் தொங்கவிட்டபோதும் குய்லான் ஒன்றும் கேட்கவில்லை. "மண்ணு ஒட்டியிருக்கு, உதறிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் முதல் வாரம். எலாஸ்டிக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதோ என்று இழுத்துப் பார்த்தார்.

டப்.

வலது கையில் குச்சி. இடது கையில் வேர். நடுவில் கறுத்து, வழவழவென்று, சாராயமும் அழுகலும் கலந்த ஒரு நாற்றம்.

தெஹாய் இரண்டையும் மறுபடி பொருத்திப் பார்த்தார், ஒட்டவில்லை. அரை ஏக்கர் போயிற்று. மச்சான்மார் சிரிப்பது இப்போதே காதில் கேட்டது. அதைவிட, மாமா குழிக்குள் கையை விட்டு, கண் சரியாகத் தெரியாமல் மண்ணைத் தடவித் தடவி அணைத்து வைத்தது கண்முன்னால் வந்து நின்றது.

எழுந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"அக்கா, ஒரு உதவி. யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"அப்படின்னா சுவாரசியமாத்தான் இருக்கும். சொல்லு."

குச்சியையும் வேரையும் காட்டினார். சாங் அக்கா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

"ஐயோ பாவம். குடிச்சே செத்திருக்கு."

"கேலி பண்ணாதக்கா. ஒரு ஒட்டுச் செடி குடு. எதா இருந்தாலும் பரவால்ல. முதல் வருஷம் பூக்காது, இலைதானே? பெரியவருக்கு ஒரு கண்ணு இன்னும் தெளியல. இலையப் பாத்துக் கண்டுபிடிக்க மாட்டாரு."

"ஒட்டுச் செடிக்கு நான் எங்க போவேன்? என்கிட்ட இருக்கறதெல்லாம் விதை போட்டு முளைச்ச எண்ணெய்ச் செடி. வெள்ளைப் பூ. ஊர்ல ஆடு கூடத் திரும்பிப் பாக்காது."

"அது போதும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கோழிக்கூண்டுக்குப் பக்கத்து மூலைக்குப் போனாள். அங்கே ஒரு ஓட்டை வாணலி கவிழ்ந்து கிடந்தது. அதை எடுத்தாள். கீழே சின்ன மண்மேடு.

"கோழி கிளறுதுன்னு மூடி வெச்சிருந்தேன். நீ தள்ளி நில்லு. தொடாத. நானே எடுக்கறேன்."

மண்வெட்டியால் சுற்றிலும் ஆழமாக வெட்டி, மண்ணோடு மண்ணாகக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, தெஹாயின் முற்றத்தில் அதே குழியில் தானே வைத்தாள். தானே குவித்தாள். தானே மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டினாள்.

"இதுக்கு நான் என்ன செய்யணும்க்கா?"

"எண்ணெய்ச் செடிக்கு என்ன செய்வாங்க? ஒண்ணும் செய்ய மாட்டாங்க."

அந்தக் குளிர்காலம் தெஹாய் நிம்மதியாகத் தூங்கினார். அந்த மேட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடு கூடப் பார்க்காத செடியை அவர் ஏன் பார்க்க வேண்டும்? பனி பெய்து மூடியது. மேட்டில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார். சாங் அக்காவின் கோழி அதன்மேல் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. மார்ச்சில் ஒருநாள் சைக்கிளை எடுக்கும்போது மண்ணைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு முளை தலை நீட்டியிருந்தது.

"தண்டச்சோறு, நீ நல்லா வளருவ" என்றார் அதனிடம். மனசு கசந்தது.

முளை பெரிதாகப் பெரிதாக அவருக்குத் தூக்கம் போயிற்று. ஏப்ரலில் ஐந்து இலை.

தானிய மழை நாள் வந்தது. ஊர் பூராவும் பூ. சந்துகளில் வெளியூர்க்காரர்கள் குடையும் கேமராவுமாக நெரிந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் நீந்தி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கைத்தடியைத் தட்டிக்கொண்டு ஜாவ் மாமா வந்து சேர்ந்தார். சாங் அக்கா மதில்மேல் முகவாயை வைத்துச் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?" என்றார் மாமா. டீ வேண்டாம், எள்ளு ரொட்டி வேண்டாம், உட்காரக்கூட இல்லை.

தெஹாய் முக்காலியைப் போட்டார். மாமா கண்ணாடியைக் கழற்றினார். இலையை விரலுக்குள் வாங்கினார். மேலே தடவினார். திருப்பி அடியில் தடவினார். காம்பை நுனியிலிருந்து கீழ்வரை கட்டைவிரலால் நீவினார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தெஹாயின் சட்டை முதுகில் ஒட்டியது.

"ம்" என்றார் மாமா. "இதுதான்."

"இதுதானா மாமா?"

"என் செடிய எனக்குத் தெரியாதா? கரிச்சட்டிதான். நல்லா வளத்திருக்க. நீ தோண்டிப்புடுவன்னு உன் மச்சானுங்க நாலு பேரும் பந்தயமே கட்டினானுங்க."

தெஹாய்க்கு உயிர் வந்தது. கூடவே, நாலு தடவை கூட்டிக்கொண்டு போன அந்தக் கண் டாக்டர் மேல் கொஞ்சம் கோபமும் வந்தது. எண்ணெய்ச் செடிக்கும் கரிச்சட்டிக்கும் வித்தியாசம் தெரியாத அளவிலா ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள்?

மாமா சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டின பித்தளைச் சாவியை எடுத்துத் தெஹாயின் கையில் வைத்தார். தோட்டத்துச் சாவி.

"இனிமே இத உசுரா பாத்துக்கணும், மாப்ள. தாய்ச்செடி போயிடுச்சு."

"போயிடுச்சா?"

"குளிர் முடிஞ்சு பாத்தேன். அடியோட வேரழுகல். குச்சி குச்சியா கையோட வந்துது. யாருகிட்டயும் சொல்லல. உன் வீட்டுல ஒண்ணு இருக்கேன்னு நெனச்சுக்கிட்டுத்தான் சோறு எறங்குச்சு. உலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம்."

சாவி கையில் சில்லென்று இருந்தது. தெஹாய் அந்த ஐந்து இலையைப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் பூக்கும். கிழவர் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து கறுத்த பூவுக்குக் காத்திருப்பார். வெள்ளையாக விரியும்.

"மாமா... நான் ஒண்ணு சொல்லணும்."

"டீ ஆறுது" என்றாள் குய்லான்.

"இல்ல, சொல்லியாகணும். மூடி வெச்சா எனக்கு ஆகாது."

"அப்புறம் சொல்லிக்கலாம். உள்ள வாங்க மாமா, ரொட்டி சூடா இருக்கு." குய்லான் அவர் காலை நன்றாக மிதித்தாள்.

"கால மிதிக்காத! மாமா, இது கரிச்சட்டி இல்ல. அத நான் கொன்னுட்டேன். தோண்டிட்டேன்."

மாமாவின் விரல் இலைமேல் அப்படியே நின்றது.

"எத்தனை வாட்டி?"

"பதினேழு."

"தண்ணி ஊத்தினியா?"

"ரெண்டு வாளி. அப்புறம் ஹேர் டிரையர்."

"அப்படின்னா?"

"தலை காய வெக்கறது மாமா" என்றாள் குய்லான் செத்த குரலில்.

"செடிக்கா?"

"அப்புறம் எலாஸ்டிக். அப்புறம் சாராயம்" என்று தெஹாய் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்ல அவருக்கு லேசாகிக்கொண்டே வந்தது. குய்லானின் முகம் இருண்டுகொண்டே வந்தது. "இது சாங் அக்காகிட்ட வாங்கின எண்ணெய்ச் செடி. அதுவா வளந்துச்சு. நான் தொடவே இல்ல."

 வெளியே யாரோ போட்டோவுக்குச் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சாவியக் குடு" என்றார் மாமா.

கொடுத்தார்.

கிழவர் சாவியைப் பையில் போடவில்லை. இலையிலிருந்து கையை எடுத்து, தன் விரல்களையே கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். கையுமா போச்சு?"

மதில்மேலிருந்து சாங் அக்கா விதைத்தோலைத் துப்பினாள்.

"பெரியவரே, உங்க கைக்கு ஒண்ணும் ஆகல, சாவிய குய்லான்கிட்ட குடுங்க. இவரு உங்கள வீட்டுல விடப் போன கையோட, புருஷன் லட்சணம் தெரிஞ்சு, உங்க குச்சியத் தோண்டி பன் கூடையில வெச்சு என்கிட்ட ஒளிச்சு வெக்கக் குடுத்தது அவதான். நீங்க தடவறது அதேதான். இந்த டிரைவரு தண்ணி ஊத்தி, காத்தடிச்சு, சாராயம் குடுத்துக் கொன்னது, அதே மாதிரி ஒரு வேர்ல சொருகி, சணல் சுத்தி, அந்தக் குழியில நான் வெச்ச என்னோட எண்ணெய்ச் செடிக் குச்சி!"